குடலுக்கும் ஓர் அளவுகோல்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. ஏரி நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். அந்த ஏரியின் நீர்மட்டம் நாள்தோறும் அளந்து எழுதப்படுகிறது. கோடையில் நாளுக்கு ஒரு முறை அளந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால் அது போதாது. மணிக்கு ஒரு முறை பார்த்தாக வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் நாள் அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்த நாட்களில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கியதை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்த ஏரியின் மட்டத்தை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? செப்டம்பர் முதல் தேதி பார்த்தோம், நீர் குறைவு, கவலையில்லை என்று எழுதினோம். அடுத்து டிசம்பர் முதல் தேதிதான் பார்ப்போம். இடையில் நடந்தது எதுவும் நமக்குத் தெரியாது.

இது சிரிப்புக்கு இடமான ஏற்பாடு என்பீர்கள். ஆனால் நாட்பட்ட நோயாளிகள் பலரை நாம் இப்படித்தான் கவனித்து வருகிறோம். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவரைக் காண்கிறார்கள். இடைப்பட்ட தொண்ணூறு நாட்களும் அளக்கப்படாமலே கழிகின்றன. இக்கட்டுரையில் ஒரு குறிப்பிட்ட நோயையும் ஒரு குறிப்பிட்ட மக்களையும் எடுத்துக்கொள்வோம். நோய், குடல் அழற்சி. மக்கள், நம் முன்னாள் படைவீரர்கள்.

குடலில் என்ன நடக்கிறது?

நாம் குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் குடலுக்குள் செல்கிறது. சிறுகுடல் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மட்டுமே பெருங்குடலை அடைகிறது. அதிலும் பெரும்பகுதி அங்கே உறிஞ்சப்பட்டு, 100 முதல் 200 மில்லிலிட்டர் நீரே மலத்தோடு வெளியேறுகிறது. எவ்வளவு சிக்கனமான இயந்திரம் பாருங்கள்!

இந்தக் குடலின் உட்சுவரில் சிலருக்கு ஓயாத அழற்சி ஏற்படுகிறது. அழற்சி என்பது சிவந்து, வீங்கி, வலித்து, சூடேறும் நிலை. காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து வீங்குகிறதல்லவா? உடலைக் காக்கும் படை அங்கே வந்து குவிவதன் அடையாளம் அது. வேலை முடிந்ததும் படை கலைந்துவிடும். குடல் அழற்சி நோயிலோ படை கலைவதில்லை. தன் நாட்டின் மீதே போர் தொடுக்கிறது.

இது பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று பெருங்குடலின் உட்பரப்பை மட்டும் புண்ணாக்குவது. இதைப் பெருங்குடல் புண் அழற்சி என்பர். மற்றொன்று வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது. குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்குவது. 1932இல் அமெரிக்க மருத்துவர் கிரோன் தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து இதை விளக்கி எழுதினார். அதனால் கிரோன் நோய் என்று பெயர்.

இரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. இரண்டும் ஒரு முறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருப்பவை. ஆனால் ஒரே அளவில் இருப்பதில்லை. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பிறகு சீறி எழும். மருந்தின் வேலை அதை அடங்கியே இருக்கச் செய்வதாகும். சீறி எழுவதை முன்கூட்டியே கண்டால் மருந்தை மாற்றித் தடுக்கலாம். கவனிக்காமல் விட்டால் குடல் குறுகிப்போகலாம், துளை விழலாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

உலகப் போரின் மாபெரும் தளபதி ஒருவருக்கே இது நேர்ந்தது. நேச நாடுகளின் படைகளை நடத்திய ஐசன்ஹோவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1956 ஜூன் மாதம் கடும் வயிற்று வலியால் துடித்தார். வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் நள்ளிரவு கடந்து அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு இருந்தது கிரோன் நோய். பல ஆண்டுகளாகவே அவருக்கு அவ்வப்போது வயிற்று வலி வந்து போயிருந்தது.

தாம்பரத்து முன்னாள் வீரர்கள்

தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி அங்குள்ளது. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த புறநகர்களையும் சேர்ந்த உங்களில் பலருக்கு, படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார்.

முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் மாதம் தொடங்கப்பட்டது. அதன் பாலிகிளினிக்குகளுள் ஒன்று தாம்பரத்தில் உள்ளது. வீரர்கள் அங்கு சென்று மருத்துவரைக் காண்கிறார்கள், மருந்து வாங்குகிறார்கள், தேவையானால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். 2021 மே மாதம் ‘சேஹத்’ என்னும் தொலை மருத்துவ ஆலோசனைச் சேவையும் படைவீரர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே காணொளி மூலம் மருத்துவரிடம் பேச இத்தகைய சேவைகள் வழி செய்கின்றன.

ஆனால் தொலைவிலுள்ள மருத்துவரால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. அவர் கேட்பார்: “எப்படி இருக்கிறீர்கள்?” படையில் முப்பது ஆண்டுகள் வலியைப் பொறுத்துப் பழகியவர் என்ன விடை சொல்வார்? “நன்றாக இருக்கிறேன், டாக்டர்!” மலத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கூச்சம் வேறு. ஆகவே, இந்த நோயில் வீரத்தைவிட நோட்டுப் புத்தகமே அதிகம் பயன்படும்.

நினைவு நல்ல கருவி அன்று

“சென்ற மூன்று மாதங்களில் நாளுக்கு எத்தனை முறை வெளிக்குப் போனீர்கள்?” என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல இயலாது. கடைசி இரண்டு நாட்கள்தான் நினைவில் நிற்கும். ஆகவே, அன்றன்று குறித்து வைப்பதே வழி.

என்ன குறிப்பது? 1987இல் மேயோ மருத்துவமனையினர் ஓர் அளவுமுறையை வெளியிட்டனர். அதில் நோயாளி தாமே குறிக்கக்கூடியவை இரண்டு. முதலாவது, மலப்போக்கின் எண்ணிக்கை. இயல்பான அளவு என்றால் 0 மதிப்பெண். இயல்பைவிட 1 அல்லது 2 முறை கூடினால் 1. 3 அல்லது 4 முறை கூடினால் 2. 5 அல்லது அதற்கு மேல் கூடினால் 3. இரண்டாவது, இரத்தம். இல்லையென்றால் 0, பாதிக்கும் குறைவான வேளைகளில் கீற்றுப் போல் தென்பட்டால் 1, பெரும்பாலான வேளைகளில் தெளிவாகத் தென்பட்டால் 2, இரத்தம் மட்டுமே போனால் 3.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். “நாளுக்கு 3 முறை” என்பது அதிகமா, குறைவா? அவரவர் இயல்பைப் பொறுத்தது அது! ஒருவருக்கு 1 முறை இயல்பு. மற்றொருவருக்கு 3 முறை இயல்பு. ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாளும்போது முதலில் சுழிப்பிழையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதுபோல, நோய் அடங்கியிருக்கும் நாட்களில் தமக்கு எது இயல்பு என்பதை நோயாளி முதலில் அறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். அதுவே அவருடைய சுழி.

சேலையூரில் வாழும் முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இயல்பு நாளுக்கு 2 முறை. பதினான்கு நாட்களின் குறிப்பு இது:

2, 3, 2, 2, 1, 3, 2, 3, 2, 4, 3, 4, 5, 5

ஐந்தாம் நாளன்று மருத்துவர் கேட்டிருந்தால் “ஒரே முறைதான்” என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார். மருத்துவரும் “நலம்” என்று எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பார். பத்தாம் நாள் 4 என்று வந்தது. மறுநாளே 3 ஆகக் குறைந்தது. “நேற்றுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நினைத்திருப்பார்.

இப்போது ஒவ்வொரு நாளுக்கும் அந்நாளையும் முந்திய இரு நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். ஒன்பதாம் நாள் 2.33, பத்தாம் நாள் 3, பதினோராம் நாள் 3, பன்னிரண்டாம் நாள் 3.67, பதின்மூன்றாம் நாள் 4, பதினான்காம் நாள் 4.67. மேலும் கீழும் துள்ளிய எண்கள் மறைந்து, படிப்படியாக ஏறும் ஒரு சரிவு தென்படுகிறது. அன்றாடத் துள்ளலை இயற்பியலில் இரைச்சல் என்போம். அதற்கடியில் மறைந்திருப்பது குறிப்பலை. சராசரி எடுப்பது இரைச்சலைக் குறைக்கும் எளிய வழியாகும். முதல் வாரச் சராசரி 2.14, இரண்டாம் வாரச் சராசரி 3.71. மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்க இது போதுமான செய்தி. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அளப்பது? ஏறி இறங்கும் ஒன்றை அறிய வேண்டுமானால், அது ஒரு முறை ஏறி இறங்கும் காலத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வாரங்களில் சீறி எழக்கூடிய நோயைத் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை பார்ப்பது இவ்விதிக்கு முரண்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

1955இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்னும் மருத்துவர் இருவர், பெருங்குடல் புண் அழற்சிக்குக் கார்ட்டிசோன் மருந்தைச் சோதித்த தம் ஆய்வில், நோய் கடுமையாக இருப்பதற்கான அடையாளங்களைத் தொகுத்தனர். இன்றும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். நாளொன்றுக்கு 6 முறையோ அதற்கு மேலோ இரத்தத்துடன் மலம் போதல். அதனோடு, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 90க்கு மேல், உடல் வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியசுக்கு மேல், ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 10.5 கிராமுக்குக் கீழ், செவ்வணுப் படிவு வேகம் 30க்கு மேல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருத்தல். இந்நிலையில் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாடியையும் வெப்பநிலையையும் வீட்டிலேயே அளக்கலாம் என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் கருவி சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதியவர்கள் சிலர் இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகள் நாடியை மெதுவாக்கும். அவருக்கு 90ஐத் தொடாமலே நோய் முற்றியிருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து காய்ச்சலை மறைத்துவிடும். ஆகவே, என்னென்ன மருந்து உட்கொள்கிறார் என்பதும் அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

சொட்டுச் சொட்டாக இழக்கும் இரத்தத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் இரத்தம் குடலில் கசிந்தால் 2.5 மில்லிகிராம் இரும்பு போகிறது. உணவிலிருந்து நம் உடல் வழக்கமாக ஈர்ப்பதோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். வரவைவிடச் செலவு மிகுதி! சேமிப்பு மெல்லக் கரையும். சில மாதங்களில் தாத்தா தாம்பரம் இரயில் நிலைய மேம்பாலப் படிகளில் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவார். “வயதாகிவிட்டது” என்பார். வயது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத கசிவாகவும் இருக்கலாம்.

உள்ளே எட்டிப் பார்க்கும் மூன்று அளவைகள்

நோயாளி நலமாக உணரும்போதே உள்ளே அழற்சி புகைந்துகொண்டிருக்கலாம். அதை அறிய மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, செவ்வணுப் படிவு வேகம். உறையாத இரத்தத்தை 200 மில்லிமீட்டர் வரை கோடிட்ட மெல்லிய குழாயில் ஊற்றிச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்தில் செவ்வணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்பதே அளவு. அழற்சியின்போது இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் கூடுகிறது. அதனால் செவ்வணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. பாகியல் நீர்மத்தில் விழும் கோளத்தின் வேகம் அதன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற ஸ்டோக்ஸ் விதியை மேல் வகுப்பினர் அறிவீர்கள். திரள் பெரிதானால் விழும் வேகம் மிகுகிறது. கலங்கல் நீரில் மணல் உடனே படிவதும், களிமண் மறுநாள் வரை மிதப்பதும் இதனால்தான். ஆனால் இந்த அளவு வயதோடு தானே கூடும். ஆண்களுக்கு வயதில் பாதி வரை இயல்பு என்பது மருத்துவர்கள் கையாளும் ஒரு தோராயம். அப்படியானால் 70 வயதுடையவருக்கு 35 வரை இயல்பு! மேலே கண்ட 30 என்ற எல்லையை அவருக்குத் தனியாக வைத்து முடிவு செய்யலாகாது அல்லவா? ஒற்றை எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, சி-எதிர்வினைப் புரதம். 1930இல் கண்டறியப்பட்டது. அழற்சிச் செய்தி எட்டியதும் கல்லீரல் இதைச் சுரக்கிறது. இரத்தத்தில் இதன் அரைவாழ்காலம் ஏறத்தாழ 19 மணி. கதிரியக்கத்தில் படித்த அதே அரைவாழ்காலக் கணக்கு இங்கும் பொருந்தும். ஆகவே, அழற்சி தணிந்தால் சில நாட்களில் இந்த அளவு இறங்கிவிடும். குறை என்னவெனில், டெங்கு வந்தாலும் பல்லில் சீழ் வைத்தாலும் இது ஏறும். அழற்சி உடலில் எங்கோ இருக்கிறது என்று சொல்லுமே அன்றி, குடலில்தான் என்று சொல்லாது.

மூன்றாவதுதான் நமக்கு மிக வேண்டியது. அதன் பெயர் கால்புரொடெக்டின்.

வெள்ளணு விட்டுச் செல்லும் தடயம்

நியூட்ரோபில் என்னும் வெள்ளணுவின் உட்சாற்றிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ பாதி, கால்புரொடெக்டின் ஆகும். 1980இல் நார்வே நாட்டினர் இதை விவரித்தனர். நுண்ணுயிர்களுக்குத் தேவையான துத்தநாகம் போன்ற உலோகங்களை இது பற்றிக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. குடற்சுவரில் அழற்சி மிகுந்தால் நியூட்ரோபில்கள் சுவரைக் கடந்து குடலுக்குள் வருகின்றன, மடிகின்றன, அவற்றின் கால்புரொடெக்டின் மலத்தோடு கலந்து வெளியேறுகிறது. குடலில் உள்ள நொதிகளால் இது எளிதில் சிதைவதில்லை. சாதாரண வெப்பநிலையில் சில நாட்கள் கெடாமல் இருக்கும். போர்க்களத்தில் கிடக்கும் தோட்டா உறைகளை எண்ணிப் போரின் கடுமையை மதிப்பிடுவது போன்றது இச்சோதனை.

ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பொதுவாக இயல்பு. 250க்கு மேல் என்றால் அழற்சி வலுவாக இருக்கக்கூடும். இடைப்பட்டது ஐயத்துக்குரிய பகுதி. மீண்டும் அளக்க வேண்டும். நோயாளி எதையும் உணர்வதற்குச் சில வாரங்கள், சில வேளை இரண்டு மூன்று மாதங்கள் முன்பே இந்த எண் ஏறத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மழை இங்கு பெய்யும் முன்னே மேட்டு நிலத்து ஏரிகள் நிரம்புவதைக் காண்பது போன்றது இது.

தங்கமும் ஒளியும்

இதை எப்படி அளக்கிறார்கள்? மேலை நாடுகள் சிலவற்றில் வீட்டிலேயே அளக்கும் பட்டைகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. நம் நாட்டில் பெரும்பாலும் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியே அறிகிறார்கள். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டுச் சோதித்த பட்டையைக் கண்டிருப்பீர்கள். வீட்டுச் சோதனைப் பட்டையும் அதே தத்துவத்தில் இயங்குகிறது.

மாதிரியைக் கரைசலில் கலக்கிச் சில துளிகளைப் பட்டையில் விடுகிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்புழைக் கவர்ச்சியால் நீர்மம் பட்டையில் ஊர்ந்து செல்கிறது. வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்களவும் ஏறத்தாழ 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 25,000 துகள்களை வரிசையாக வைக்கலாம்! அவற்றின் மேல் கால்புரொடெக்டினை மட்டும் பற்றக்கூடிய எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கிறது. புரதத்தைப் பற்றிய தங்கத் துகள்கள் மேலும் ஊர்ந்து, இதேபோன்ற மற்றோர் எதிர்ப்பொருள் கோடாகப் பதிக்கப்பட்ட இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. புரதம் மிகுதியானால் சிக்கும் தங்கமும் மிகுதி, கோடும் அழுத்தமாகும்.

அந்தக் கோடு மஞ்சளாக இருக்கும் என்று எண்ணுகிறீர்களா? இல்லை, சிவப்பு! இவ்வளவு நுண்ணிய தங்கத் துகளில் உள்ள எலெக்ட்ரான்கள், தம்மேல் விழும் ஒளியின் அலைவோடு சேர்ந்து ஊசலாடுகின்றன. ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் இந்த ஊசலாட்டம் மிகுந்து, அந்த ஒளி உறிஞ்சப்படுகிறது. பச்சை போய்விட்டால் எஞ்சுவது சிவப்பாகத் தோன்றும். தங்கக் கூழ்மத்தின் இச்சிவப்பு நிறத்தை 1857இலேயே ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே.

இனி, கைபேசியின் கேமரா கோட்டைப் படம் பிடிக்கிறது. கோட்டிலிருந்து வரும் ஒளி, பக்கத்திலுள்ள வெண்மையைவிட எவ்வளவு குறைவு என்று பார்க்கிறது. இங்கே ஒரு கணக்கு உண்டு. நிறப்பொருளின் ஒரு பங்கு, ஒளியில் ஐந்தில் ஒரு பகுதியை உறிஞ்சினால் எஞ்சுவது 80 விழுக்காடு. இரண்டு பங்கு இருந்தால் 60 அன்று. 80இல் ஐந்தில் ஒரு பகுதி போய் 64. மூன்று பங்குக்கு ஏறத்தாழ 51. நான்கு பங்குக்கு 41. இதுவே பீர், லாம்பர்ட் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. காகிதம் போன்ற பட்டையில் ஒளி சிதறுவதால் இவ்விதி அப்படியே பொருந்தாது. ஆகவே, அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு முன்பே வரைந்த அளவுத்திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்கிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான நான்கு கண்ணாடித் தம்ளர்களில் சம அளவு நீர் ஊற்றுங்கள். அவற்றில் முறையே 1, 2, 4, 8 துளி சொட்டு நீலம் விட்டுக் கலக்குங்கள். வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். துளிகள் இருமடங்காகும்போது அழுத்தமும் இருமடங்காகத் தோன்றுகிறதா?

அடுத்து, ஒரே தம்ளரைக் கைபேசியால் மூன்று இடங்களில் படம் பிடியுங்கள்: முற்றத்து வெயிலில், குழல் விளக்கின் கீழ், மஞ்சள் விளக்கின் கீழ். மூன்று படங்களிலும் நிறம் வேறுபடும். பிறகு, அந்தத் தம்ளரோடு வெறும் நீருள்ள தம்ளரையும் அருகில் வைத்துப் படம் பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த விளக்கானாலும் ஒப்பீடு ஓரளவு நிலையாக இருக்கும். சோதனைப் பட்டையில் வெற்றிடமும் கட்டுப்பாட்டுக் கோடும் ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

வீட்டில் அளப்பதால் பயன் உண்டா?

நல்ல கேள்வி. எண் கிடைப்பது வேறு. நோயாளி நலம் பெறுவது வேறு. நெதர்லாந்தில் 909 குடல் அழற்சி நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தே நிலையைப் பதிந்து அனுப்பிய பிரிவினர் சராசரியாக 1.55 முறை மருத்துவமனைச் சந்திப்புக்கு வந்தனர், மற்றவர்கள் 2.34 முறை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சராசரி 0.05, மற்றவர்களுக்கு 0.10. அதே ஆண்டில் வெளிவந்த வேறொரு ஆய்வில் 244 கிரோன் நோயாளிகள் பங்கேற்றனர். கால்புரொடெக்டினையும் சி-எதிர்வினைப் புரதத்தையும் பார்த்து மருந்தைக் கூட்டிய பிரிவில் 48 வாரங்களின் முடிவில் 46 விழுக்காட்டினருக்குக் குடற்புண் ஆறியது. அறிகுறிகளையே முதன்மையாகப் பார்த்த பிரிவில் 30 விழுக்காட்டினருக்கு. ஆனால் அமெரிக்காவில் 348 பேரிடம் நடந்த தொலைக் கண்காணிப்பு ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட நோயின் தீவிரம் கூடுதலாகக் குறையவில்லை. அளப்பது மட்டும் போதாது; அளந்ததைப் பார்த்து உடனே செயல்படும் மருத்துவரும் செவிலியரும் மறுமுனையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வீட்டிலிருக்கும் நோயாளியைக் கண்காணிப்பதில் நம் சென்னைக்குப் பெருமைக்குரிய வரலாறு உண்டு. தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோய்ச் சானடோரியத்தை நிறுவினார்; 1937இல் அரசு அதை ஏற்றது. இரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அச்சொல் நிலைத்திருக்கிறது. காசநோயாளிகள் சானடோரியத்தில்தான் இருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை வீட்டிலும் வைத்துச் சிகிச்சை தந்தது. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று அறிய, ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ஏழ்மையான வீடுகளிலும் சிகிச்சை ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. 1959இல் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது.

காசநோய்க்கும் நம் பொருளுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. குடலில் வரும் காசநோய், கிரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும். நம் நாட்டு மருத்துவர்களுக்கு இரண்டையும் பிரித்தறிவது பெருஞ்சிக்கல். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தூண்டிவிடவும் கூடும். ஆகவே மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவையும் நோட்டில் இடம்பெற வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

கால்புரொடெக்டின் ஏறினாலே குடல் அழற்சி என்று முடிவு கட்டக் கூடாது. கிருமித் தொற்றினால் வரும் வயிற்றுப்போக்கிலும் அது ஏறும். மூட்டுவலிக்காக உட்கொள்ளும் சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றும், நோயையும் தூண்டலாம். எண் இறங்கிவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. பெருங்குடல் அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதால், பொதுவாக எட்டாண்டுகளுக்குப் பிறகு கொலோனோஸ்கோப்பி மூலம் நேரில் பார்த்து வர வேண்டும். எந்தப் பட்டையும் அதற்கு ஈடாகாது.

உங்கள் வீட்டில் இத்தகைய தாத்தா இருந்தால் நீங்கள் உதவலாம். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலை உணவுக்கு முன் எடை பார்க்க நினைவூட்டுங்கள். அவர் எழுதிய எண்களை வரைபடத் தாளில் புள்ளியிட்டுக் காட்டுங்கள். ஆனால் அவர் கேட்டால் மட்டுமே செய்யுங்கள். அந்த நோட்டு அவருடையது. அதில் உள்ளதை வெளியே பேசுவது முறையன்று.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஒருவரின் சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 80 மில்லிகிராம். கல்லீரல் அதைச் சுரப்பதை முற்றிலும் நிறுத்திவிட்டால், 5 மில்லிகிராமாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகும்?

2. வீட்டுத் தராசு எப்போதும் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. எடை குறைந்து வருவதை அறிய அது பயன்படுமா?

3. தங்கத் துகள்களின் சிவப்புக் கோட்டைத் தெளிவாகக் காண, பச்சை விளக்கு நல்லதா, சிவப்பு விளக்கு நல்லதா?

விடைகள்: 1. நான்கு முறை பாதியாக வேண்டும். 76 மணி, அதாவது மூன்று நாட்களுக்குச் சற்றுக் கூடுதல். 2. பயன்படும்; இரு அளவுகளைக் கழிக்கும்போது அப்பிழை நீங்கிவிடும், தராசை மட்டும் மாற்றக் கூடாது. 3. பச்சை விளக்கு, கோடு பச்சையை உறிஞ்சுவதால் வெண்பட்டையில் கருமையாகத் தெரியும். சிவப்பு விளக்கில் கோடும் பட்டையும் ஒன்றுபோல் தோன்றும்.